எழுபதைத் தாண்டாது

“இந்த இன்ஜினை இதுல வெச்சா வண்டி பறக்கும் சார். கூடவே நீங்களும் பறந்துடுவீங்க” என்றார் மெக்கானிக்.

எதிரே நின்ற பெரியவர் ஆலையில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய குட்டிக் காருக்கும் ஏறக்குறைய அதே சர்வீஸ். அதன் பின்னால் நின்ற சின்ன லாரியில், சாக்கு போர்த்திக்கொண்டு, அந்தக் காருக்குச் சற்றும் பொருந்தாத பெரிய இன்ஜின் ஒன்று உட்கார்ந்திருந்தது.

மெக்கானிக் சாக்கை விலக்கிப் பார்த்தார். புத்தம் புதுசு.

“அடிபட்ட வண்டியில கழட்டினதா?”

“இன்னும் அடிபடல.”

“திருட்டு சாமான்னா நான் தொடமாட்டேன் சார்.”

“என் பேர்ல வாங்கினதுதான் தம்பி. ரசீது இருக்கு. கழட்டினதும் நான்தான். மாட்டத்தான் வராது.”

மெக்கானிக்குக்குக் கை ஓடவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வாலிபன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான் என்று இப்படித்தான் மாற்றிக் கொடுத்தார். பதினோராம் நாள் அந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து இதே வாசலில் நிறுத்தினார்கள். ஓட்டியவன் வரவில்லை. அன்றிலிருந்து எந்த வண்டி கயிற்றில் வந்தாலும், முதலில் ஓடிப்போய் நசுங்கல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

“பையன் கேட்டானா சார்?”

“அவனா? இந்த வண்டியில ஏறவே மாட்டான். வெக்கமாம். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.”

“அப்ப யாரு ஓட்டப் போறது?”

“நான்தான்.”

“எவ்வளவு வேகத்துல போவீங்க?”

“நாப்பது.”

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். “நாப்பதுல போறதுக்கு இந்த இன்ஜினா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிடும்.”

“ஆகட்டும். உங்களால முடியாதுன்னா எதிர்ப் பட்டறையில குடுத்துக்கறேன்.”

எதிர்ப் பட்டறைக்காரர் பிரேக்கை மாற்றாமல் இன்ஜினை மட்டும் மாட்டி, சிரித்த முகத்தோடு வழியனுப்பி வைக்கிற ரகம். மனுஷன் எப்படியும் சாவது என்று முடிவெடுத்துவிட்டால், பிரேக் இல்லாமல் சாக வேண்டாம். மெக்கானிக் ஒப்புக்கொண்டார்.

அப்போது பெரியவரின் போன் அடித்தது. “சொல்லுப்பா... சரிப்பா... இல்லப்பா, நான் என்ன சொல்றேன்னா...” அவ்வளவுதான், மறுமுனையில் வைத்துவிட்டார்கள்.

“ஆலையில எல்லா மெஷினும் நான் சொன்னதைக் கேட்டுச்சு தம்பி. பெத்த பிள்ளை கேக்கமாட்டேங்குது” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. “பயிற்சிக்குப் போயிருக்கான். முப்பதாம் தேதி வரான். நீங்க இருபதுக்குள்ள முடிச்சுடுங்க. அதுக்கப்புறம் இன்னொரு வேலை இருக்கு.”

வேலை எளிதாக இல்லை. இன்ஜின் உட்காரும் இடத்தை வெட்டி வெல்டிங் வைத்து, ரேடியேட்டரை முன்னால் தள்ளி, பிரேக்கையும் ஸ்பிரிங்கையும் பெரிதாக மாற்றினார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு சண்டை பிடித்தது அந்தக் குட்டிக் கார்.

பெரியவர் தினமும் பத்து மணிக்கு வந்து, கவிழ்த்த ஆயில் டின் மேல் உட்கார்ந்துகொள்வார். பெரிய இன்ஜின் பக்கம் கண்ணே போகாது. கழற்றிப் போட்ட சின்ன இன்ஜினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார்.

“அதை ஏன் சார் துடைக்கறீங்க? அறுபதைத் தொட்டாலே அதுக்கு மூச்சு வாங்கும்.”

“எழுபதைத் தாண்டாதா?”

“நீங்க தலைகீழா நின்னாலும் தாண்டாது.”

அன்றைக்குத்தான் பெரியவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

இருபதாம் தேதி காலை இருவரும் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். மெக்கானிக் லேசாகத்தான் மிதித்தார். கார் பாய்ந்த பாய்ச்சலில் பெரியவர் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

“போதும் தம்பி. மெதுவா, மெதுவா.”

இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு எதற்கு இந்த வேலை என்று மெக்கானிக்குக்குக் கோபம் வந்தது. யாரிடம் காட்டுவது? மாட்டியது அவர் கைதானே.

கழற்றிய சாமானை உரிமையாளர் கண்ணில் காட்டித் திருப்பிக் கொடுப்பது அந்தப் பட்டறையின் வழக்கம். பழைய இன்ஜினைத் தள்ளுவண்டியில் வைத்து அவர் முன்னால் நிறுத்தினார்.

“இந்தாங்க சார். எடைக்குப் போட்டுடுங்க.”

“இங்கயே இருக்கட்டும். இன்னொரு வேலை இருக்குன்னு சொன்னேன்ல?”

வாசலில் ஹாரன் கேட்டது. அதே சின்ன லாரி. அதன் பின்னால், கயிற்றில் கட்டிய ஒரு சிவப்புக் கார்.

மெக்கானிக்குக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கேயும் ஒரு நசுங்கல்கூட இல்லை. முன் கண்ணாடியின் ஓரத்தில் ஏழெட்டு அபராதச் சீட்டுகள் செருகியிருந்தன, எல்லாம் வேகத்துக்கு. பானெட்டைத் தூக்கினார். இன்ஜின் இருந்த இடம் காலியாக இருந்தது.

“யார் வண்டி சார் இது?”

பெரியவர் சின்ன இன்ஜின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

“என் பையனோடது, என் பேர்ல வாங்கிக் குடுத்தது. அதோட இன்ஜின் என்கிட்ட நாப்பதுலயே ஓடட்டும். இந்தச் சின்னதை அதுல மாட்டிடுங்க தம்பி. வந்து என்னைத் திட்டுவான், திட்டட்டும். திட்டறதுக்கு அவன் இருக்கணும்ல.”