தலையாட்டிய டீரெய்லர்

மலையேறும் சைக்கிள் ஒன்றின் கைப்பிடியில் புதிதாக ஒரு கியர் லிவர் வந்து உட்கார்ந்தது. பின்சக்கரத்தில் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் டீரெய்லரோ பழையது; கம்பெனியும் வேறு.

லிவர் ‘டிக்’ என்று கேபிளை இழுத்தது. “புரியுதா?”

அது இழுத்த அளவு எந்தப் பல்சக்கரத்துக்கு என்று டீரெய்லருக்குப் பிடிபடவே இல்லை. புதிதாக வந்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? “புரியுதுங்க” என்று தலையாட்டிவிட்டு, குத்துமதிப்பாகச் செயினைத் தள்ளியது.

“அண்ணே, ரெண்டு பல்சக்கரத்துக்கு நடுவுல என்னை மாட்டிவிடுறீங்க,” என்று முனகியது செயின். “புரியலைன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்.”

“நீ உன் வேலையைப் பாரு.”

செங்குத்தான ஏற்றத்தில் செயின் அறுந்தது. ஓட்டிவந்த பெண் முழங்கால் தேய விழுந்தாள்.

“மட்டமான செயின்,” என்று மெக்கானிக் அதைக் கழற்றிக் குப்பைக்கூடையில் எறிந்தார். டீரெய்லர் வாயே திறக்கவில்லை.

புதுச் செயின் பயந்து பயந்து வந்து சேர்ந்தது. “எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. ஒருதடவை சொன்னாலே உங்களுக்குப் புரிஞ்சிடும்னு லிவர் சொன்னாரு.”

மேலே ‘டிக்’ என்று சத்தம் கேட்டது.

குப்பைக்கூடை கண்ணெதிரேயே இருந்தது.

“புரியும்,” என்றது டீரெய்லர், யார் முகத்தையும் பார்க்காமல்.