கடைசி வரிசைக்குக் கேட்ட பந்து

காலை வெயில் விளையாட்டரங்கின் பாதிப் புல்லை மட்டும் தொட்டிருக்கிறது. தன் கால்பந்து அணிக்குச் சொந்த மைதானம் தேடி வந்த மேலாளர் நடுவட்டத்தில் நிற்கிறார். "கூட்டம் ரொம்பத் தள்ளி உக்காருது" என்று இரண்டு ஊர்களை ஏற்கெனவே உதறிவிட்டு வந்தவர். நகராட்சிப் பொறியாளர் கேலரியின் கடைசி வரிசையில் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஊரையும் உதறிவிடுவாரோ என்று அவரையே பார்க்கிறாள். கீழே அவர் பந்தை ஓங்கி உதைக்கிறார். 'தொம்' என்ற சத்தம் நேராக அவள் நெஞ்சில் வந்து விழுகிறது. "மேடம், அங்க கேக்குதா?" "நீங்க பெருமூச்சு விட்டாக்கூடக் கேக்குது சார்!" அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தோட்டக்காரர் குழாயைத் திறந்துவிட, நீர்த்தெளிப்பான்கள் சுழன்று அவரைத் தொப்பலாக நனைக்கின்றன. போச்சு என்று அவள் தலையில் கைவைக்கிறாள். அவரோ நகராமல், சட்டை சொட்டச் சொட்ட அண்ணாந்து கேட்கிறார்: "எங்க பசங்களுக்கு டிரஸ் மாத்த எந்த ரூம் குடுக்கப் போறீங்க?" அவள் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்குகிறாள்.