பனி உண்டோ?

ராஜையன் அன்றைக்கும் நனைந்துதான் எழுந்தான்.

ஆரியசாலையில் மிளகாய் மண்டி வைத்திருந்த நாகேஸ்வரன் பிள்ளைக்கு அது வழக்கம். விடிந்ததும் கடையின் பக்கத்து ஜன்னலடியில் முகத்தை மூடிப் படுத்திருப்பவன் மேல் ஒரு குடம் தண்ணீர்.

"வேற இடமே கிடைக்கலையாடே உனக்கு? எந்திரிச்சு ஓடு."

பெரிய யுத்தம் முடிந்த வருஷம். நாங்குநேரிப் பக்கம் மழையில் வீட்டைப் பறிகொடுத்துவிட்டு, வேலை தேடித் திருவனந்தபுரம் வந்தவன் ராஜையன். மகா கூச்சக்காரன். கடை கடையாகப் போவான், தொண்டையைச் செருமுவான், திரும்பிவிடுவான்.

பழவங்காடியில் புட்டு விற்கும் எலிசாளுக்குப் பொறுக்கவில்லை. செத்துப்போன புருஷனின் பழைய கோட்டு ஒன்றை எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டாள்.

"வாயைத் திறந்து கேளு தம்பி. இங்க வேலைன்னா புரியாது. 'பணி உண்டோ'ன்னு கேக்கணும்."

வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனான். ஆனால் கூச்சம் வந்தால் அவனுக்கு நாக்கு மடங்காது. முதல் கடையில் வாயிலிருந்து விழுந்தது இதுதான்:

"பனி உண்டோ?"

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் பரவிக் கிடந்த சமயம். ஆபீசர்கள் விசாரித்து வருவார்கள். காய்ச்சல்காரர் ஊருக்கு வெளியே கொட்டகைக்கு, கடைக்குப் பூட்டு.

கோட்டைப் பார்த்ததும் முதலாளி எழுந்து நின்றார்.

"இவிடே ஆர்க்கும் பனி இல்ல, சாரே. இரிக்கணும். சர்பத்து குடிக்கணும்."

வேலை இல்லை என்பதை இத்தனை மரியாதையாகச் சொல்கிறார்களே என்று ராஜையனுக்குத் திகைப்பு. அடுத்த கடையிலும் அப்படியே. ஆபீசர் வருகிறார் என்ற சேதி அவனுக்கு முன்னால் ஓடியது. நம்பினால் நம்புங்கள், அன்று ஆரியசாலையில் ஒரு தும்மல் கேட்கவில்லை. மிளகாய் மூட்டை தட்டுகிறவர்கள்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வயிறு நிறையச் சர்பத்து போனதும் கூச்சம் பாதி கரைந்தது. துணிந்து பிள்ளை கடைக்கே போய்விட்டான்.

"பனி உண்டோ?"

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு இருமல்.

பிள்ளையின் முகம் வெளுத்தது. மிளகாய்க் கமறல் என்று சொல்ல வாயெடுத்தார். இன்னொரு இருமல்.

"உண்டு," என்றார் மெதுவாக. "உள்ள வாங்க."

வேலை கிடைத்துவிட்டது! ராஜையன் துள்ளாத குறையாகப் பின்னால் போனான். பிள்ளை அறைக் கதவைத் திறந்தார்.

மூட்டைகளுக்கு நடுவே ஒருத்தி கண் செருகிக் கிடந்தாள். பக்கத்தில் கஞ்சிக் கிண்ணம், ஈரத்துணி.

"மிளகாய்க்குக் காம்பு கிள்ளுற பிச்சம்மா. நாதி கிடையாது. மத்த ஆளுக பயந்து ஓடிட்டாக. நான்தான் கஞ்சி குடுத்துப் பாத்துக்கிடுதேன்." பிள்ளை கை கூப்பினார். "கடையைப் பூட்டிக்கிடுங்க சார். இவளைக் கொண்டுபோயிராதீங்க. கொட்டகைக்குப் போனவங்க திரும்பி வரல்ல."

ராஜையனுக்கு அப்போதுதான் நாக்கு சரியாக மடங்கியது.

"அண்ணாச்சி, நான் ஆபீசர் இல்ல. பணி கேட்டு வந்தேன். வேலை. நீங்க தினம் தண்ணி ஊத்துற ஆளு நான்தான்."

பிள்ளை அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு அறையின் ஜன்னலைக் காட்டினார்.

"இதுக்கு அடியிலல்லா நீ படுத்துக்கிடந்தே. வாயால சொன்னா போகமாட்டேங்கே. உனக்கும் ஒட்டிக்கிட்டா நான் என்னடே பண்ணுவேன்?"

ராஜையன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். ஈரத்துணியை எடுத்து நனைத்துப் பிழிந்தான்.

"பனி உண்டுன்னீங்க அண்ணாச்சி. பணி உண்டா?"

"ரெண்டும் உண்டுடே."