ஒரு ஃபேன், ஒரு லைட்

"அக்கா, நீ கடல் பாத்திருக்கியா?"

தம்பி இப்படிக் கேட்டது மூன்று மாதத்துக்கு முன்னால். அப்போது அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நான் பாக்கலேன்னா கடல் வத்தியா போயிடும்?" என்று சொல்லிச் சமாளித்தாள். ஆனால் அன்றிலிருந்து அந்தக் கேள்வி தினமும் அவளோடு வேலைக்குப் போய், அவளோடு வீடு திரும்பியது.

போன மாதம் வண்டியே வந்துவிட்டது. படுக்கை, அடுப்பு மேடை, குட்டிக் குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பழைய வீட்டு வண்டி. அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கொல்லைப்புறம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். சாவி மட்டும் மெக்கானிக்கிடம் இருக்கிறதாம்.

"இன்வெர்ட்டர் நீதான் மாட்டணும்க்கா. வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்."

அதில் முகஸ்துதி ஏதும் இல்லை. அப்பா இறந்ததும் ஒன்பதாவதோடு பள்ளியை நிறுத்திவிட்டு பேட்டரி கடையில் சேர்ந்தவள். தம்பியின் படிப்பு, உத்தியோகம், கல்யாணம் எல்லாமே அந்தக் கடையிலிருந்து வந்தவைதான். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, தம்பியோடு கடல் பார்க்கப் போகப் பத்து நாள் லீவு கேட்டபோது முதலாளி, "பேட்டரி அக்காவுக்கே யாரோ சார்ஜ் ஏத்திட்டாங்கடோய்!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தாள்.

"உள்ள என்னென்ன ஓடும்னு சொல்லுடா. அதை வெச்சுத்தான் எல்லாம்."

"ஒரு ஃபேன், ஒரு லைட். உன் குட்டி ஃப்ரிட்ஜ். அவ்வளவுதான்."

"மூணு பேருக்கு ஒரு ஃபேனா? உன் பொண்டாட்டி என்னை உருட்டித் தள்ளிட்டு அதுக்கு நேரா படுத்துக்குவா."

வண்டிப் படியில் நின்ற தம்பி மனைவி சிரிக்கவில்லை. "நாங்க போற இடத்துல ரூம் போட்டுக்குவோம் அண்ணி. நீங்க தாராளமா படுங்க."

"அப்போ நான்தான் மகாராணி!"

கட்டிலுக்கு அடியில் தனிப் பெட்டி அடித்து பேட்டரியை அதில் இறக்கினாள். வாயு வெளியே போகத் தரையில் துளை போட்டாள். இன்வெர்ட்டரைப் பேட்டரியோடு சேர்த்து வைக்கவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம், சுற்றிலும் காற்று புகுகிற மாதிரி மாட்டினாள். பிறகு பேட்டரியைப் பட்டை போட்டு இறுக்கினாள்.

"இவ்வளவு இழுத்துக் கட்டணுமாக்கா?"

"கடலுக்குப் போற வழியில மலைப்பாதை வளைவு வர்றப்ப தெரியும்."

தம்பி வேறு பக்கம் பார்த்தான்.

பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஃபியூஸ் வைத்தாள்.

"இன்வெர்ட்டருக்குள்ளயே ஒண்ணு இருக்குமே?"

"அது இன்வெர்ட்டரைக் காப்பாத்தும். ஆட்டத்துல நடுவுல வயர் தேஞ்சு தீப்பிடிச்சா? மேல படுத்திருக்கறது மனுஷங்கடா."

வெளியே இறங்கினாள். வீட்டிலிருந்து வண்டிக்கு வரும் வயரை அவன் ஏற்கனவே இழுத்து வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"குழாய் போட்டு மண்ணுக்குள்ள புதைச்சிருக்கியே! கிளம்பறப்போ கடப்பாரையும் கையுமா நிக்கணுமா?"

"ப்ளக் தானேக்கா. உருவினா முடிஞ்சுது."

"சரி. இன்னும் ஒரே ஒரு லைன்தான் பாக்கி. வண்டி ஓடறப்போ எஞ்சின்லேருந்து இந்தப் பேட்டரிக்கு சார்ஜ் ஏறணும்."

"அது வேண்டாம்க்கா."

"வேண்டாமா?"

"வீட்டு கரண்ட்லயே ஏத்திக்கலாம்."

"வீட்டையும் கயிறு கட்டி இழுத்துட்டு வருவியோ?"

தம்பி மனைவிதான் பேச்சை மாற்றினாள். "உங்க ரூம் ஜன்னல் எத்தனை அடி இருக்கும் அண்ணி? திரை தைக்கணும்."

"கடல்லேருந்து வந்து நானே அளந்து தர்றேன்மா."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருவரும் உள்ளே போனதும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. பாவம், செலவாகுமே என்று தயங்குகிறான் போல. கடைக்குப் போய் முதலாளியிடம் சொல்லிவிட்டு எஞ்சின் ஓடும்போது மட்டும் சார்ஜை இந்தப் பக்கம் விடும் ஒரு ரிலேயும் தடிமனான வயரும் எடுத்துவந்தாள். மாட்டி முடித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். நடுக்காட்டில் நின்றாலும் ஃபேன் ஓடும்டா என்றால் அவன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தபோதே சிரிப்பு வந்தது.

இந்த மாதிரி வண்டிகளில் எஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். நாலு போல்ட். மூன்று சுலபமாகக் கழன்றன. நாலாவதுக்கு எண்ணெய் விட்டு, ஸ்பானரில் உடம்பு பாரத்தையெல்லாம் போட்டுத் திருப்பினாள். கை தோல் உரிந்தது. சேலையில் துடைத்துக்கொண்டு சீட்டைத் தூக்கினாள்.

பின்னால் கதவு திறக்கும் சத்தம். தம்பி நின்றிருந்தான். கையில் அவளுடைய துணிப்பெட்டி. அதன்மேல் அவளுடைய தலையணை.

"இன்னும் நாலு நாள் இருக்கேடா, அதுக்குள்ள ஏன்…" என்று ஆரம்பித்தவள், தூக்கிய சீட்டுக்கு அடியில் பார்த்தாள்.

எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில், கொல்லைப்புறத்துப் புல் தெரிந்தது.

தம்பி பெட்டியைக் கட்டில் மேல் வைத்தான். தலையணையை ஃபேனுக்கு நேராகப் போட்டான். திரும்பி வீட்டுக்குள் போனான்.