வாசலோர இடம்

இளம் மருமகள்கள் பெருகிய அந்த ஊரில் துணைச் சுகாதார நிலையமே கர்ப்பிணிகளுடையதாகிவிட்டது. இருப்பது ஒரே பெஞ்சு. நிறைமாதக்காரி மின்விசிறிக்கு அடியில், மற்றவர்கள் மாதக் கணக்குப்படி, புதிதாக உண்டானவள் வாசலோரம். காய்ச்சல்காரர்கள் நிற்பார்கள்.

கல்யாணமாகாத மாரிக்கனி சுவரைப் பிடித்தபடி நின்றாள். ஒரு வாரமாகத் தலைசுற்றல். வாசலோரம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் ஊரே மாசம் எண்ணத் தொடங்கிவிடும்.

"உக்காரேன்டி, விழுந்துறாத," என்றாள் ஒருத்தி.

"இருக்கட்டும் மதினி."

"எடத்தப் பாத்தே பயப்படுதா பாரு," என்று இன்னொருத்தி சொல்ல, பெஞ்சே சிரித்தது.

மாரிக்கனி பெஞ்சைத் தொடாமல் தரையில் சரிந்தாள். மின்விசிறிக்கு அடியில் இருந்த எதிர்வீட்டுச் சுப்புத்தாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, அவளருகே தரையில் உட்கார்ந்து தோளில் சாய்த்துக்கொண்டாள். சிரிப்பு நின்றது.

"சிஸ்டர், மொதல்ல இந்தப் புள்ளயப் பாருங்க!"

உள்ளேயிருந்த நர்ஸ் தலை நிமிராமல், எல்லோரிடமும் முதலில் கேட்பதையே கேட்டார்.

"எத்தன மாசம்?"

பெஞ்சு முழுவதும் மாரிக்கனியின் உதட்டையே பார்த்தது.