அப்பாவின் காது

“பேட்டரியே இல்லைங்கறேன், அப்புறம் எப்படிடி?” அப்பாவின் காதுக்கருவியை மேசையில் கவிழ்த்துக் காட்டினான் அண்ணன்.

“எனக்கென்ன தெரியும்? பத்து மணிக்கு டாண்ணு வந்து நிக்குது,” என்றாள் தங்கை.

அப்பா இறந்து ஒரு மாதம். அன்று முதல் அவளுடைய கணினி தினமும் ஒரே வரியைப் பதிவுசெய்கிறது: அப்பா காது, ப்ளூடூத், அனுமதி மறுக்கப்பட்டது.

மறுத்தது அவள் எழுதிய விதிதான். வீட்டிலிருந்தே அவள் நடத்தும் பத்து மணி அலுவலகக் கூட்டங்களை அப்பா காதுக்கருவியைக் கணினியோடு இணைத்து ஒட்டுக்கேட்பார். சாப்பிடும்போது மேலாளரைப் போலவே இருமிக் காட்டுவார். பொறுக்க முடியாமல், அந்தக் கருவி மட்டும் உள்ளே வரவே கூடாது என்று எழுதிவைத்தாள். யார் கெஞ்சினாலும் கணினி விதிக்கு மட்டும்தான் கட்டுப்படும்.

“பாவம்டி, எத்தனை நாள் வாசல்லயே நிக்க வைப்பே?”

“கொழுப்பு அவருக்கு. இன்னும் ஒட்டுக்கேக்கணுமாம்.” அவள் சிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு. விதியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். இனி கணினி மறுக்காது, அவளைக் கேட்கும்.

பத்து மணி. கூட்டத்தில் மேலாளர் இருமினார். அண்ணன் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

திரையில் ஒரு சிறு பெட்டி திறந்தது.

‘அப்பா காது இணைய விரும்புகிறது. அனுமதிக்கலாமா?’