முதல் கரண்டி

சோறு பொங்கி இறக்கியாயிற்று. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள்.

இன்று யாருக்கு முதலில் போடுவது?

மருந்து நேற்றோடு தீர்ந்துவிட்டது. ஒரு மண்டலம் முடிந்தது. வயிற்றெரிச்சலும் போயே போய்விட்டது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அவளுக்கு அழுகை வந்தது.

சித்த மருத்துவரிடம் அன்று அவளோடு காத்திருந்த இன்னொருத்திக்கும் இதே எரிச்சல்தான். அந்தப் பெண்ணுக்குக் கஷாயம் கொடுத்து, காலையில் நடக்கச் சொன்னார். இவளுக்கு நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அப்புறம் ஒரு கேள்வி.

"நீங்க சாப்பிடும்போது சோறு சூடா இருக்குமா?"

ஆண்கள் எழுந்த பிறகு மாமியாரோடு உட்கார்ந்து பானையைச் சுரண்டுகிறவளிடம் சூட்டைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வாள்?

ஒரு டப்பா பொடி கொடுத்தார். சுண்டைவற்றல், கறிவேப்பிலை, சீரகம். உப்பு கிடையாது. மதியம், பானையிலிருந்து எடுக்கும் முதல் கரண்டிச் சோற்றில், ஆவி பறக்கப் பிசைந்து, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இது உங்க உடம்புக்குன்னு சேர்த்தது, வேற யாருக்கும் கொடுக்காதீங்க என்றார்.

மருந்து என்றதும் மாமனாரும் கணவனும் வாயைத் திறக்கவில்லை. மாமியாரான அத்தைதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஆம்பளைய பசியோட இருக்க, பொம்பள முந்தித் திங்கது ஒரு வைத்தியமாக்கும்!"

முதல் நாள் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

பிறகு இறங்கியது.

பிறகு ருசித்தது. காலைப் பாத்திரம் கழுவும்போதே மதியத்தை நினைக்க ஆரம்பித்தாள். கடைசி நாட்களில் பொடியைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டாள். அப்படியும் தீர்ந்தது.

சரி, கழுவியாவது வைப்போம் என்று மருந்து டப்பாவை எடுத்தாள்.

கனத்தது.

மூடியைத் திறந்தாள். விளிம்பு வரை பொடி. கறிவேப்பிலை சற்றுக் கருகியிருந்தது. நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

உப்புப் போடாமல் எதையும் அரைக்கத் தெரியாத கை இந்த வீட்டில் ஒன்றுதான் உண்டு.

அத்தை அடுப்படி வாசலில், காய்ந்த துணியையே மறுபடி உதறிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னட்டி முழிச்சிக்கிட்டு நிக்க? சோறு ஆறிறப் போவுது. உக்காந்து தின்னு."

இந்த ஒரு மண்டலமும் அத்தை தனியாகத்தான் பானையைச் சுரண்டினாள். அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

முதல் கரண்டிச் சோற்றைத் தட்டில் போட்டாள். நெய் விட்டாள். பொடியைத் தாராளமாகத் தூவினாள்.

வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாதுதான். ஆனால் இது மருத்துவர் கொடுத்த பொடி இல்லையே.

தட்டை அத்தையின் கையில் வைத்தாள்.

"எனக்கு என்னட்டி நோவு?"

அவள் தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அத்தை கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்து, பிசைந்து, சூடு பொறுக்காமல் விரலை உதறினாள்.

கூடத்தில் மாமனார் கனைத்தார். இரண்டாம் முறை சற்றுப் பலமாகவே கனைத்தார்.

வாய் நிறையச் சோற்றோடு அத்தை குரல் கொடுத்தாள்.

"கொஞ்சம் இருங்க. மருந்து சாப்புடுதோம்."